மருட்கைக்கு நான்கு வாசல்: விஞ்ஞானத் திரைப்படச் சுவரொட்டிகளும் முன்னோட்டங்களும்



இலக்கியத் தொடர் ஒன்றில் சினிமாச் சுவரொட்டிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு படைப்பு தன்னை நாடி வருபவரை வாசலில் நின்று எவ்வாறு அழைக்க வேண்டும் என்ற சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. நூல் எத்துணைச் சிறந்ததாயினும் பாயிரம் இல்லாவிடின் அது நிறைவுபெறாது என்று கருதியவர்கள் நமது இலக்கணகாரர். பாயிரத்துக்கு நன்னூலார் பல பெயர்களைத் தருகிறார். முகவுரை, பதிகம், அணிந்துரை என்பவற்றோடு புனைந்துரை என்ற பெயரும் அவற்றில் உண்டு. உள்ளதைச் சிறிது அழகுபடுத்திச் சொல்லி ஆளை உள்ளே அழைப்பது புனைந்துரை. இன்றைய திரையுலகம் இந்த வேலையைச் சுவரொட்டியிடமும் முன்னோட்டத்திடமும் ஒப்படைத்திருக்கிறது.

ஆகவே விஞ்ஞானப் புனைவுத் திரைப்படங்களின் சுவரொட்டிகளையும் முன்னோட்டங்களையும் இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவை எம்மை எவ்வாறு இழுக்கின்றன? அந்த இழுப்புக்கு நாம் எந்த அளவுக்கு இடங்கொடுக்கலாம்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேட முயல்வோம்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். முன்னோட்டத்தை ஆங்கிலத்தில் ட்ரெயிலர் என்பார்கள். ஊவாத் தோட்டங்களில் இச்சொல்லை அறியாத குழந்தை இல்லை. உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுந்து மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஆடி ஆடி வருகிறதே, அந்தப் பெட்டிதான் எங்களுக்கு ட்ரெயிலர். திரைப்பட ட்ரெயிலரும் அதே பொருளிற் பிறந்த சொல்தான். 1913ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் திரையரங்குகளில் இவ்வழக்கம் தோன்றியபோது, அன்றைய படம் முடிந்த பின்னரே அடுத்து வரவிருப்பதன் துண்டுக் காட்சியை ஓட்டினார்கள். படத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததால் அதற்கு அந்தப் பெயர். படம் முடிந்ததும் சனங்கள் எழுந்து போய்விடுவதைக் கண்டு, பின்னர் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. 'முன்னோட்டம்' என்று தமிழிற் பெயர் வைத்தவர் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டார். டீசர் என்பது அதற்கும் முன்னால் வருவது. ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ ஆசையைக் காட்டிவிட்டு, கதையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவது. சீண்டுதல் என்பதே அச்சொல்லின் பொருள்.

இனி எங்கள் பிரதேசத்துக்கு வருவோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களுக்குப் பதுளை நகரில் ஒரு படம் பார்ப்பது என்பது ஒருநாட் பயணமாகவே இருந்தது. சம்பளம் கைக்கு வரவேண்டும். பஸ் கிடைக்கவேண்டும். மழை விட வேண்டும். இத்தனையையும் தாண்டி ஒருவர் புறப்பட வேண்டுமானால் அவரை எழுப்பும் சக்தி விளம்பரத்துக்கு இருந்தாக வேண்டும். பஸ் தரிப்பிடச் சுவரிலும் கடைப் பலகைகளிலும் ஒட்டப்பட்ட சுவரொட்டிகள், ஒலிபெருக்கி பூட்டிய வாகனத்திலிருந்து காற்றிற் பறக்கவிடப்பட்ட நோட்டீசுகள், 'இன்றே கடைசி' என்று குறுக்கே ஒட்டப்பட்ட காகிதத் துண்டு ஆகியனவெல்லாம் இந்த வேலையைச் செய்தன. காமன் கூத்துக்குத் தப்பொலி எப்படியோ, படத்துக்கு அந்த ஒலிபெருக்கி அப்படி. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையோ படப் பாடலையும் விளம்பரத்தையும் லயத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. கண்ணாற் காணாமல் காதாற் கேட்ட முன்னோட்டம் அது.

1975ஆம் ஆண்டில் வி.பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' வெளிவந்தது. நம் ஊவா மண்ணின் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அதற்குத் திரைக்கதை வசனம் எழுதினார். தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொன்ன அந்தப் படத்துக்குச் சனங்கள் போனதற்கான காரணம் விளங்கக்கூடியது. 'இது நம்மைப் பற்றிய படம்' என்ற உணர்வு ஒன்றே போதும். ஆனால் விண்கலத்தையும் வேற்றுக் கிரகத்தவரையும் எந்திர மனிதனையும் காட்டும் படத்தைப் பார்த்து எவரும் 'இது நம்முடைய கதை' என்று சொல்லமாட்டார். கண்டிராத ஒன்றைக் காண ஒருவர் ஏன் புறப்படுகிறார்?

இக்கேள்விக்கு நான் விடை தேடிச் சென்ற இடம் ஹொலிவூட் அன்று, தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக மருட்கையை வைக்கிறார். மருட்கை என்பது வியப்பு. அது நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பது அவர் வகுத்த முறை. புதுமை ஒன்று, பெருமை ஒன்று, சிறுமை ஒன்று, ஆக்கம் ஒன்று. இதுவரை காணாதது புதுமை. அளவிற் பெரிதாக இருப்பது பெருமை. அளவிற் சிறிதாக இருப்பது சிறுமை. ஒன்று திரிந்து மற்றொன்றாவது ஆக்கம் என்பது உரைகாரர் விளக்கம். உலகின் எந்தத் திசையில் அச்சிடப்பட்ட விஞ்ஞானப் படச் சுவரொட்டியையும் கொண்டுவந்து மேசையில் விரித்துப் பாருங்கள். இந்த நான்கு வாசல்களுள் ஏதேனும் ஒன்றினூடாகத்தான் அது எம்மை உள்ளே அழைக்கிறது.

முதலாவது வாசல் புதுமை. 1979ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏலியன்' படத்தின் சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். கரிய வெளியிலே ஒரு முட்டை. அது வெடித்து, உள்ளேயிருந்து பச்சை ஒளி கசிகிறது. நடிகர் முகம் இல்லை, துப்பாக்கி இல்லை, அரக்கனும் இல்லை. முட்டை நாமெல்லாரும் அறிந்த பொருள். அதற்குள்ளே இருப்பது என்ன என்பதுதான் அறியாதது. அதன் முன்னோட்டத்திலும் உரையாடல் கிடையாது. அலறல் போன்ற ஓர் ஒலி மட்டுமே பார்ப்பவரை இருக்கையோடு இறுக்கிவிடுகிறது.

தமிழில் இந்தப் புதுமையைப் படமே இல்லாமற் சொற்களாற் சாதித்த தலைப்பு ஒன்று உண்டு. 1974இல் எம்.ஜி.ஆர். நடித்த 'நேற்று இன்று நாளை' என்ற படத்தைப் பலர் அறிவீர்கள். 2015இல் ஆர். ரவிக்குமார் இயக்கிய கால இயந்திரப் படத்துக்கு 'இன்று நேற்று நாளை' என்று பெயர். மூன்று சொற்களும் குழந்தைகள் கூட அறிந்தவை. அவற்றின் வரிசையை மாற்றியதுதான் செய்த காரியம். நாள்கள் இடம்மாறிவிட்டன என்ற கதையின் உயிரைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. சொல்வரிசையின் வலிமைக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டை என் வகுப்பறைக்கு நான் தேடிக்கொள்ள முடியாது.

இரண்டாவது பெருமை. 1996ஆம் ஆண்டு 'இண்டிபென்டன்ஸ் டே' என்ற அமெரிக்கப் படம் வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, அந்நாட்டில் மிகுந்த பார்வையாளரைக் கொண்ட உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் இடையே அதன் விளம்பரம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. வெள்ளை மாளிகை வேற்றுக் கிரகத்தவரின் தாக்குதலில் வெடித்துச் சிதறும் காட்சி அது. மிகப் பெரியது என்று எண்ணியிருந்த ஒன்றை, அதனினும் பெரிய ஒன்றின் கீழே வைத்துக் காட்டுவது இதன் உத்தி. இமயம் பெரிது என்றால் இமயத்தைத் தாங்கியவனைக் காட்டும் நம் புராணிகர்களுக்கு இது பழகிய வழிதான்.

ஷங்கர் இயக்கிய '2.0' படத்தின் டீசர் 2018 செப்டெம்பரில் வெளிவந்தது. அதிற் பெருமையும் சிறுமையும் கைகோத்து நிற்பதைக் காணலாம். சனங்களின் கையிலிருந்த கைத்தொலைபேசிகள் பறந்துபோகின்றன. அவை திரண்டு, நகரத்தை அச்சுறுத்தும் இராட்சதப் பறவையாகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள்தான் அந்தப் பேருருவின் ஒவ்வோர் இறகும். அந்த டீசரைப் பெரும்பாலானோர் எதிற் பார்த்தார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள். கைத்தொலைபேசியிற்றான் பார்த்தார்கள். அச்சத்துக்குரிய பொருள் திரையில் மட்டுமன்றிப் பார்ப்பவரின் கையிலும் இருந்தது.

மூன்றாவது வாசலாகிய சிறுமையே இவற்றுள் நுட்பமானது என்பது என் எண்ணம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் இரண்டு படங்களை இங்கே குறிப்பிட வேண்டும். 1977இல் வந்த 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஒஃப் த தேர்ட் கைண்ட்' படத்தின் சுவரொட்டியில் இரவில் வெறிச்சோடிய தெரு ஒன்று நீண்டு செல்கிறது. தெரு முடியும் இடத்தில், அடிவானத்தில் ஓர் ஒளி. அவ்வளவுதான். நமுனுகுலை மலைக்குப் பின்னால் விடியும் வேளையில் தோட்டத்து ரோட்டில் நின்றவர்களுக்கு இதன் அழகை நான் விளக்கத் தேவையில்லை. 1982இல் வந்த 'ஈ.டி.' படத்துக்கு ஜோன் அல்வின் என்ற ஓவியர் வரைந்த சுவரொட்டியில், குழந்தையின் விரல் ஒன்றும் வேற்றுக் கிரக உயிரின் விரல் ஒன்றும் நுனியோடு நுனி தொடுகின்றன. உரோமாபுரியில் மைக்கலாஞ்சலோ வரைந்த, இறைவன் ஆதாமுக்கு உயிர்கொடுக்கும் ஓவியத்தை நினைவூட்டும் அமைப்பு அது. அந்த உயிரின் முகம் எப்படியிருக்கும் என்பதைச் சுவரொட்டி காட்டவில்லை. ஒரு விரலைக் காட்டி ஓர் உலகத்தை மறைத்துவிட்டார்கள். வெளிப்படக் கூறாமல் உள்ளே பொருளைத் தங்கவைக்கும் உள்ளுறையின் சுவையைச் சங்கப் பாடல்களிற் கண்டவர்களுக்கு இந்தக் கலை அந்நியமாகத் தோன்றாது.

நான்காவது வாசல் ஆக்கம். மனிதன் எந்திரமாவதும் எந்திரம் மனிதனாவதும் விஞ்ஞானப் படங்களின் தீராத விருப்பம். 1991இல் ஜேம்ஸ் கமரூனின் 'டேர்மினேட்டர் 2' வெளிவருமுன் காட்டப்பட்ட டீசருக்கென்றே தனியாகக் காட்சிகளைப் படமாக்கினார்கள். தொழிற்சாலை ஒன்றில் உலோக எலும்புக்கூடு உருவாகிறது. தோல் ஏறுகிறது. முடிவில் கண்திறப்பது நாமறிந்த ஆர்னோல்ட் ஷ்வார்செனேகரின் முகம். கதை ஒரு வரிகூடச் சொல்லப்படவில்லை. ஆயினும் ஆக்கம் என்ற மெய்ப்பாட்டு நிலைக்களன் முழுமையாக அங்கே நிகழ்ந்துவிட்டது.

தமிழில் 2010இல் வெளிவந்த 'எந்திரன்' இதனைத் தலைப்பிலேயே செய்தது. முதலில் 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் அது. எந்திரம் பழைய தமிழ்ச் சொல். புறநானூற்றிலேயே கரும்பு பிழியும் பொறியை அது குறிக்கிறது. எந்திரம் அஃறிணை. அதோடு 'அன்' என்ற ஆண்பால் விகுதியைச் சேர்த்த மாத்திரத்தில் 'எந்திரன்' உயர்திணையாகிவிட்டான். பொருள் ஒன்று ஆளாக மாறுவதுதான் அந்தப் படத்தின் கதை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் கதையை ஒரு விகுதி சுருக்கிச் சொல்லிவிட்டது. வசனம் எழுதியவர்களுள் ஒருவரான சுஜாதா அந்தப் படத்தைக் காணாமல் 2008இல் மறைந்தார். விஞ்ஞானப் புனைவு என்ற விருந்துக்குத் தமிழ் வாசகரைப் பல்லாண்டுகளாகத் தயார்செய்தவர் அவர். 1986இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' படத்தின் கதையை அவர் குமுதத்தில் தொடராக எழுதினார். வாராவாரம் வெளிவந்த அந்தத் தொடரையே தமிழின் நீண்ட முன்னோட்டம் என்று சொல்லலாம்.

நான்கு வாசல்களையும் பார்த்தோம். ஆனால் வாசல் திறந்திருந்தால் மட்டும் போதுமா? முற்றிலும் தெரியாத இடத்துக்குள் எவரும் தனியே நுழையமாட்டார். கையைப் பிடித்து அழைத்துச் செல்லத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். 1963ஆம் ஆண்டு ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 'கலை அரசி' என்ற படம் வெளிவந்தது. வேற்றுக் கிரகத்தவர் பூமிக்கு வந்து, இசையில் வல்ல பெண்ணொருத்தியைக் கடத்திச் செல்கிறார்கள். உழவனான காதலன் அங்கே சென்று அவளை மீட்கிறான். இந்தியத் திரையில் வேற்றுக் கிரகவாசிகள் தோன்றிய முன்னோடிப் படங்களுள் ஒன்று அது. வேற்றுக் கிரகம் என்றால் என்னவென்று அறியாத சனங்களுக்கும் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் தெரியும். அந்த இரண்டு பெயர்களும் விண்வெளிக்குப் போகும் பாதையின் கைப்பிடிகள். ஏலியனுக்கு முட்டை, ஈ.டி.க்கு விரல், டேர்மினேட்டருக்கும் எந்திரனுக்கும் நட்சத்திரத்தின் முகம். தெரிந்ததைக் காட்டித் தெரியாததற்கு அழைத்துப்போவது எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணம்.

இனி, எவ்வளவு காட்டலாம், எவ்வளவு மறைக்கலாம் என்ற கேள்வி. 'டேர்மினேட்டர் 2' படத்தின் டீசர் எதையும் சொல்லாமல் காத்தது. அதன்பின் வந்த முழு முன்னோட்டமோ, முதற் படத்திற் கொல்ல வந்தவனே இரண்டாவதிற் காக்க வந்திருக்கிறான் என்ற இரகசியத்தை வெளியிட்டுவிட்டது. படத்தின் முற்பகுதியில் இயக்குநர் அதனைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தும், திரையரங்குக்கு வந்தவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். மறுபுறம் சிலப்பதிகாரப் பதிகத்தைப் பாருங்கள். கோவலன் கொலையுண்டதும் கண்ணகி மதுரையை எரித்ததும் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆயினும் காப்பியத்தை நாம் படிக்காமல் விடுகிறோமா? 'என்ன நடக்கும்' என்ற ஆவலை நம்பியிருக்கும் படைப்புக்கு மறைப்பு உயிர்நாடி. 'எப்படி நடக்கிறது' என்பதிலே பலம் கொண்ட படைப்பு முடிவை முன்னே சொல்லியும் வாழும். முன்னோட்டத்தைப் பார்த்தபின் படம் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றினால், குறை முன்னோட்டத்தின் மீது மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

நேயர்களே, இதுவரை சுவரொட்டியின் திறமையைப் பேசினேன். இனி அதன் பொறுப்பைப் பற்றியும் பேசவேண்டும். சுவரொட்டி ஒரு வாக்குறுதி. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும் வரை இந்நாட்டிலேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கிய படம் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'. 1968இல் அது வெளிவந்தபோது, ரொபேர்ட் மக்கோல் என்ற ஓவியர் வரைந்த விண்வெளி நிலையத்தையும் சந்திரனின் தரையையும் சுவரொட்டியிற் போட்டார்கள். நாளைய விண்வெளிப் பயணம் இப்படித்தான் இருக்கும் என்பது அதன் வாக்கு. பின்னர், இளைஞர் கூட்டம் ஒருவித மயக்கநிலை அனுபவமாக அந்தப் படத்தை நாடி வருவதைக் கண்டு, விளம்பரத்தின் தொனியையே மாற்றிவிட்டார்கள். படம் ஒன்றுதான், வாக்குகள் இரண்டு. விளம்பரம் படத்தைப் பார்த்து மட்டும் எழுதப்படுவதில்லை, வரப்போகிறவரின் ஆசையைப் பார்த்தும் எழுதப்படுகிறது என்பதற்கு இது சான்று.

வாக்குறுதியின் வலிமையை மலையக மக்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் மூதாதையரைத் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடல்கடத்திக் கொண்டுவந்தது எது? பஞ்சமும் கடனும் ஒருபுறம் தள்ளின. மறுபுறம் இழுத்தது ஆள்கட்டும் கங்காணியின் வாய்மொழி. கண்டிச்சீமையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துவந்தார்கள் என்பது இன்றும் லயங்களில் வழங்கும் பேச்சு. அச்சிடப்படாத சுவரொட்டி அது. அதிலும் நான்கு வாசல்களும் திறந்திருந்தன. காணாத தேசம் என்ற புதுமை. மலைச்சீமை என்ற பெருமை. சின்னச் செடியின் தூரிலே செல்வம் இருக்கிறது என்ற சிறுமை. போகும் ஏழை பணக்காரனாகித் திரும்புவான் என்ற ஆக்கம். தெரிந்த முகமும் இருந்தது. கங்காணி சொந்த ஊர்க்காரன், பல வேளைகளிற் சொந்த சாதிசனம். தோண்டிய இடத்தில் என்ன கிடைத்தது என்பது நாமறிந்த வரலாறு.

தொல்காப்பியர் மருட்கையைச் சொல்லும்போது வெறுமனே வியப்பு என்று விட்டுவிடவில்லை. அறிவு அமைதிகொள்ளாத நிலை அது என்ற குறிப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார். அக்குறிப்பை நான் ஓர் எச்சரிக்கையாகவும் வாசிக்கிறேன். மிக வளர்ந்த தொழில்நுட்பம் பார்ப்பவருக்கு மந்திரம் போலவே தோன்றும் என்ற கருத்தைக் கிளார்க்கும் வெளியிட்டிருக்கிறார். வியப்பு அறிவை எழுப்பிவிட்டால் அது கலை. அறிவை உறங்க வைத்துவிட்டால் அது மயக்கு.

இதற்கு எடுத்துக்காட்டாக உலகப் புகழ்பெற்ற சுவரொட்டி ஒன்றைக் கூறுகிறேன். 1927இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெற்றோபொலிஸ்' படத்துக்கு ஹைன்ஸ் ஷுல்ஸ் நொய்டாம் வரைந்தது அது. வானளாவிய கட்டடங்கள், அவற்றின் முன்னே எந்திரப் பெண்ணின் உலோக முகம். 2005இல் அதன் பிரதியொன்று 6 இலட்சத்து 90 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. படத்தின் கதை என்ன? மேலே செல்வர்கள் சுகித்து வாழ, பூமிக்குக் கீழே தொழிலாளர் எந்திரங்களோடு மல்லாடுகிறார்கள். அவர்கள் நம்பிய பெண்ணின் வடிவத்திலே எந்திரம் ஒன்றைச் செய்து அனுப்பி அவர்களை ஏமாற்றுகிறார்கள். இத்தகைய கதைக்கு வரைந்த அந்தச் சுவரொட்டியில் மாடங்கள் இருக்கின்றன, எந்திரம் இருக்கிறது, தொழிலாளி இல்லை. ஓவியம் மிக அழகானது என்பதில் ஐயமில்லை. என்றாலும் அந்த வெற்றிடத்தைக் காணாமல் கடந்துவிட எங்களால் முடிவதில்லை.

இதனாலேயே உயர்தர வகுப்பில் இரசனைப் பாடம் நடத்தும்போது மாணவரிடம் ஒரு சுவரொட்டியைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்பது என் வழக்கம். இது எதைக் காட்டுகிறது? எதை மறைக்கிறது? இதில் யார் இல்லை? முதற் கேள்விக்கு எல்லாரும் விடை சொல்வார்கள். இரண்டாவதற்குச் சற்று யோசிப்பார்கள். மூன்றாவது கேள்வியில் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பின்னர் வரும் விடைகள்தான் இலக்கிய விமரிசனத்தின் தொடக்கம்.

இந்த மூன்று கேள்விகளோடு இன்னொரு படத்தையும் பார்ப்போம். 'இன்று நேற்று நாளை' தந்த அதே ரவிக்குமார் இயக்கி, 2024 ஜனவரியில் வெளிவந்த படம் 'அயலான்'. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த உயிரும் கதாநாயகனும் தோழர்களாகச் சுவரொட்டிகளிற் காட்சிதருகிறார்கள். 'அயலான்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்நியன் என்றும் பொருள்; அடுத்த வீட்டுக்காரன் என்றும் பொருள். ஒரே சொல்லுக்குள் தூரமும் பக்கமும் குடியிருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தினாற் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலும் தம்முட் பலர் அயலாராகவே பதியப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்கு இந்தச் சொல் வெறும் படத் தலைப்பாக ஒலிக்காது. வேற்றுக் கிரகத்தவரை எதிரியாகக் காட்டும் சுவரொட்டி ஒருவகை மருட்கையைத் தருகிறது. தோழனாகக் காட்டும் சுவரொட்டி வேறுவகை மருட்கையைத் தருகிறது. முன்னதில் அச்சம் கலந்திருக்கிறது, பின்னதில் உவகை கலந்திருக்கிறது. எந்தக் கலவையை ஒரு சமூகம் விரும்புகிறது என்பதைக் கொண்டு, அது தன் அயலவரை எப்படி நடத்தும் என்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

இப்பயிற்சியின் தொடர்ச்சியாக, ஊவாவை நிலைக்களனாகக் கொண்ட விஞ்ஞானப் படம் ஒன்றுக்குச் சுவரொட்டி வரைந்து வருமாறு ஒருமுறை மாணவரைக் கேட்டேன். தெமோதரைப் பாலத்தின் மேலே பறக்கும் இரயிலை வரைந்தவர்கள் பலர். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி மேல்நோக்கிப் பாய்வதாக ஒருவர் வரைந்தார். ஒரு மாணவி வரைந்தது இன்னும் என் மனத்தில் நிற்கிறது. பனிமூட்டம் நிறைந்த தேயிலை மலை. வரிசை வரிசையாக உலோகக் கைகள் கொழுந்து பறிக்கின்றன. முகங்கள் இல்லை. ஓரத்திலே, கற்பாறை ஒன்றின்மேல் பழைய கொழுந்துக் கூடையொன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கீழே ஒரே ஒரு கேள்வி: 'இந்தக் கூடை யாருடையது?'

புதுமை அதில் உண்டு, ஆக்கமும் உண்டு. தெரிந்த பொருளாகக் கூடை இருக்கிறது. கதை மறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இல்லாமற்போனவர் யார் என்ற கேள்வியை அது மறைக்கவில்லை. அதையே நடுவில் வைத்திருக்கிறது. கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருக்கும் காலத்தில், இதைப் பகற்கனவு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

மலையக இலக்கியம் இறந்தகாலத்தின் துயரத்தை மிகச் செம்மையாக எழுதியிருக்கிறது. நிகழ்காலத்தையும் எழுதிவருகிறது. எதிர்காலத்தைத்தான் நாம் மற்றவர்கள் வரையட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம். சென்னையிலும் ஹொலிவூட்டிலும் வரையப்படும் நாளைகளில் எங்கள் மலைகளும் எங்கள் மனிதரும் இல்லை என்று குறைசொல்வதோடு நின்றுவிடாமல், அந்த நாளையை எழுத எங்கள் இளைஞர் முன்வர வேண்டும். முதலிற் கதை எழுதட்டும். படமும் சுவரொட்டியும் பின்னாலே வரும். அப்படி வரும் சுவரொட்டி மருட்கையைத் தரட்டும். தேயிலைத் தூரின் கீழே தேங்காய் இருப்பதாக மட்டும் சொல்லாதிருக்கட்டும்.

அடுத்த முறை ஒரு படத்தின் முன்னோட்டம் உங்கள் கைத்தொலைபேசியில் மின்னும்போது தாராளமாக வியந்து பாருங்கள். வியந்தபின் அந்த மூன்று கேள்விகளையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். காட்டியது எது, மறைத்தது எது, இல்லாதவர் யார்?